சீர்த் தட்டில் ஒரு ஸ்வெட்டர்

அரியலூரில் ஸ்வெட்டர் தேவைப்படும் நாள் மார்கழியில் ஒன்றோ இரண்டோ வந்தால் உண்டு. அன்றைக்கும் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் வேலை முடிந்துவிடும். இது வெற்றிச்செல்விக்குத் தெரியாதது அல்ல. ஆனால் நாத்தனார் பிரவீணாவின் வளைகாப்புக்குப் பெரம்பலூர் போயிருந்தபோது, ஆளாளுக்கு வெள்ளிக் கொலுசு, தொட்டில் என்று சொல்லிக்கொண்டிருக்க, அவள் வாயில் சட்டென்று வந்தது ஸ்வெட்டர்தான்.

"பொறக்கப்போற புள்ளைக்கு நானே என் கையால பின்னித் தரேன்" என்றாள். கூட்டம் மெச்சியது. பக்கத்தில் நின்ற அவள் கணவன் அன்பழகன் மட்டும் தரையைப் பார்த்தான்.

அவன் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. வெற்றிச்செல்வி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கைவேலையில் அபாரமான ஆர்வம். ஆர்வம் எல்லாம் தொடங்குவதில்தான். தலையணை உறையில் ஒரு மயில், தோகை இல்லாமல் வருஷக் கணக்காக நின்றது. ஆரி வேலை செய்யத் தொடங்கிய ரவிக்கையில் இடது கைக்கு மட்டும் கல்யாணக் களை வந்திருந்தது. தையல் மெஷின் மேல் அன்பழகனின் இஸ்திரித் துணி இருக்கும். எதைத் தொடங்கினாலும் நூல்கண்டையும் ஊசியையும் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவாள். பாராட்டுகள் குவியும். குவிந்தபிறகு, செய்ய வேலை பெரிதாக ஒன்றும் மிச்சம் இருப்பதாக அவளுக்குத் தோன்றாது.

மாம்பழ மஞ்சளில் கம்பளி நூல் வந்தது. முன்பக்கம் முடிவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, தமிழ்மொழி என்று பெயர். ஒரு கை பின்னி முடித்தபோது குழந்தை குப்புற விழுந்திருந்தது. பிரவீணா போனில் மார்பளவு சொன்னாள். வெற்றிச்செல்வி முன்பக்கத்தை அளந்து பார்த்துவிட்டு, முழுவதையும் பிரித்தாள். பெரிதாகத் தொடங்கினாள். மறுபடி ஒரு கை முடிந்தபோது தமிழ்மொழி சுவரைப் பிடித்து நடந்தாள்.

கணக்கு டீச்சர் என்பதால் இதை அவள் கணக்காகவே பார்த்தாள். குழந்தை வளரும் வேகத்தைவிடத் தன் கை வேகம் குறைவு. அதனால் இப்போதைய அளவுக்குப் பின்னக் கூடாது, எதிர்கால அளவுக்குப் பின்ன வேண்டும். அன்பழகன் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் கல்யாண அளவுக்கே பின்னிவிடச் சொன்னான்.

இடையில் நூல் தீர்ந்தது. புதிதாக வாங்கிய மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. முன்பக்கம் மாம்பழம், பின்பக்கம் எலுமிச்சை என்று ஆனது. இப்போது இதுதான் ஃபேஷன் என்று ஸ்டேட்டஸில் எழுதினாள்.

கடைசியில் அவளை முடிக்க வைத்தது காதுகுத்துதான். மூன்றாம் வயதில் செட்டிகுளம் முருகன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக பிரவீணா வீட்டில் வேண்டுதல். குழந்தைக்குத் தாய்மாமன் அன்பழகன். புதுத் துணியும் சீரும் அவன் வீட்டிலிருந்து போக வேண்டும். அரைகுறையாகச் சீர்த் தட்டில் வைக்க முடியாது. வெற்றிச்செல்வி பள்ளி விடுமுறை முழுவதும் உட்கார்ந்து, கழுத்துப் பட்டி வரைக்கும் பின்னி, கடைசி முடிச்சைப் போட்டாள். போட்டுவிட்டு அழுதாள். அன்பழகனும் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நெசமாவே முடிஞ்சிடுச்சா?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை.

வைகாசி மாதம். அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் முடியவில்லை. கோயில் மண்டபத்தில் தேங்காய், பழம், பட்டுப்பாவாடையோடு ஸ்வெட்டரும் தட்டில் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள், தொட்டதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள். மொட்டைக்கு முன்னால் ஒரு படம் எடுக்கலாம் என்று பிரவீணா ஸ்வெட்டரைக் குழந்தைக்கு மாட்டப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து வெட்டாத முடி. தலை, கழுத்துப் பட்டிக்குள் நுழையவில்லை. வெற்றிச்செல்வியின் முகம் செத்துவிட்டது. எல்லா அளவும் வாங்கியவள் தலையளவு வாங்கவில்லை.

பிரவீணாவின் மாமியார் அம்சவள்ளி விட்டுக்கொடுக்கவில்லை. "தாய்மாமன் வூட்டுத் துணி. போட்டுத்தான் காது குத்தணும்" என்றாள்.

மொட்டையடித்து, குளிப்பாட்டி, சந்தனம் பூசினார்கள். சந்தன வழவழப்பில் ஸ்வெட்டர் சர்ரென்று இறங்கியது. கச்சிதமான பொருத்தம். இரண்டு மஞ்சளோடு சந்தனமும் சேர்ந்து மூன்று மஞ்சளாயிற்று. எல்லாரும் படம் எடுத்தார்கள். அன்பழகன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான், ஆசாரி இரண்டு காதையும் குத்தித் தங்கக் கம்பியை முறுக்கினார். தமிழ்மொழி வீறிட்டு அழுதாள். அழுது ஓய்ந்த பிறகும் முகம் சிவந்தே இருந்தது. உள்ளே வியர்வை ஆறாக ஓடுவதை அப்போதுதான் கவனித்தார்கள்.

கழற்றப் போனார்கள். கழுத்துப் பட்டி தாடை வரை வந்தது, காதைத் தொட்டது, குழந்தை அலறியது. மேலே இழுத்தால் புதுக் காது. கீழே இழுத்தால் தோளைத் தாண்டவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தர் விசிறினார். ஒருத்தர் காது ஆறும் வரை இப்படியே இருக்கட்டுமே என்றார். அவர் வேட்டி மட்டும் கட்டியிருந்தார்.

கத்தரிக்கோல் என்ற சொல்லை யாரும் வெற்றிச்செல்வி எதிரில் சொல்லத் துணியவில்லை. அவளேதான் கேட்டாள். மொட்டையடித்தவரிடமிருந்து அன்பழகன் வாங்கி வந்தான். அவர் வெட்டித் தருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

"வேண்டாங்க. நான்தான் பின்னுனேன், நானே வெட்டுறேன்" என்றாள்.

குழந்தையின் முன்னால் மண்டியிட்டு, தன் இடது கையை உள்ளே விட்டு அதன் வயிற்றை மறைத்துக்கொண்டு, கீழிருந்து கழுத்து வரை நேராக வெட்டினாள். மூன்று வருஷ வேலை ஒரு நிமிஷத்தில் திறந்துகொண்டது. தமிழ்மொழி வெறும் உடம்போடு மண்டபத்துக் காற்றில் நின்று, அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். அம்சவள்ளி ஈரத் துணியால் குழந்தையைத் துடைத்தாள். வெற்றிச்செல்வி தனக்குத் துக்கம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. பெருமூச்சுதான் வந்தது.

"ஓரத்தை மடிச்சுத் தைச்சு பட்டன் வச்சா கோட்டு மாதிரி ஆயிடும் அண்ணி" என்றாள் பிரவீணா, தேற்றுவதற்காக.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வெற்றிச்செல்வியின் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. ஊர் திரும்ப வேனில் ஏறும்போதே கோட்டுக்கு என்ன மாதிரி பட்டன் என்று ஸ்டேட்டஸில் கேட்டுவிட்டாள். அரியலூர் வந்து சேர்வதற்குள் பாராட்டுகள் குவிந்தன.

தமிழ்மொழி இப்போது எல்.கே.ஜி. போகிறாள். பட்டன் அப்போதே வாங்கியாயிற்று. வாங்கியது மனசுக்குப் பிடிக்காததால், வெற்றிச்செல்வி நூலிலேயே பட்டன் பின்னத் தொடங்கியிருக்கிறாள்.