தறிக்குழியில் பிடித்த கை

நெசவாளி குமரகுருவின் காலைத் தறிக்குழிக்குள்ளிருந்து யாரோ பிடிக்கிறார்கள் என்ற செய்தி ஊர் முழுக்கப் பரவ, காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. பரப்பியவன் நான்தான். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டருக்கு வேறென்ன வேலை? தறிக்கடியில் கால் தொங்கவிட்டு மிதிக்கும் முழங்காலளவுக் குழி என் வாயில் கிணறாகி, தெருமுனை தாண்டும்போது பாதாளத்தைத் தொட்டுவிட்டது.

அவன் காலை நேரில் பார்த்த அன்று அந்த வாய் அடைத்துப்போனது. பட்டப்பகல். மிதிபலகையிலிருந்து காலைத் தூக்கி மேலே வைத்தான். கணுக்காலுக்கு மேல் விரல் விரலாகப் பள்ளங்கள். பிடித்த கை அப்போதுதான் விட்டது போல.

"பாத்தியாண்ணே? நெய்ய உக்காந்தா புடிக்குது. எழுந்தா வுட்டுடுது."

"ஆம்பள கையா, பொம்பள கையா?" என்றேன். பழக்கதோஷம்.

அவன் மனைவி மஹாலட்சுமி முறைத்தாள். "உங்களுக்கு எல்லாம் வெளையாட்டுதாண்ணா. காத்தால எழுந்தா வேற யாரோ மூஞ்சி இருக்குது இவருக்கு, கண்ணெல்லாம் வீங்கி. சோறு இரும்பு மாதிரி இருக்குதாம். வாயத் தொறந்தா மூத்திர வாடை. ரத்தம் வர்ற வரைக்கும் சொறிஞ்சிக்கினே இருக்காரு."

மாகறல் பக்கமிருந்து ஒரு மந்திரவாதி வந்து கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டினார். காலையில் தொளதொளவென்று கிடந்த கயிறு, சாயங்காலம் சதைக்குள் புதைந்திருந்தது. முடிச்சை யாரும் தொடவில்லை. சத்தியமாக நானும் தொடவில்லை.

"கோவமாயிடுச்சு, இறுக்குது" என்றார் மந்திரவாதி. அமாவாசையன்று குழியை மூடிப் பூசை போடவேண்டும், அதுவரை வாசல் தாண்டக்கூடாது என்று சொல்லிப்போனார்.

குமரகுருவுக்கோ படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினான். அமாவாசை வரை இவன் தாங்கமாட்டான் என்று எனக்கே பட்டது. அதனால் என் வாழ்நாளின் மிகப் பெரிய புளுகை அவிழ்த்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரியில பேயைப் படம் புடிக்கிற மிஷின் வந்துகீதுபா. வயித்துல பசை தடவுனா போதும், டிவியில வந்து நிக்கும். பூசைக்கு முன்னாடி யாருன்னு தெரிஞ்சிக்கினா நல்லதில்ல?"

மஹாலட்சுமி என்னையே பார்த்தாள். "ஆமாங்க, பக்கத்து வூட்டு தையல்நாயகி அக்காவுக்குக்கூட அதுலதான் தெரிஞ்சுது" என்றாள். என்னை மிஞ்சிவிட்டாள்!

அந்தப் புளுகை நம்பியே அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். டாக்டர் சுகாசினி சின்ன வயதுக்காரர். பிரஷர் பார்த்ததும் அவர் முகம் மாறியது. குமரகுருவின் காலில் விரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது.

"உடம்புல தண்ணி தேங்கியிருக்குங்க. எது அழுத்தினாலும் குழி விழும். தறியில கயிறு ஏதாவது உரசுமா?"

மிதிகயிறு உரசும்தான். கயிற்றுக்கு விரல் ஏது என்று எனக்குள் எவனோ முணுமுணுத்தான். அவனை அதட்டி உட்காரவைத்தேன்.

"முதுகு வலிக்கு மாத்திரை போடுவீங்களா?"

"தெனம் போடுவேம்மா. இல்லாங்காட்டி குழியில எப்பிடி உக்கார்றது?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிலேந்து முழுங்கறாரு" என்றாள் மஹாலட்சுமி.

"பிரஷர் எப்போ பார்த்தீங்க?"

"பாத்ததே இல்லம்மா. தலைவலி வந்தா அதுக்கும் அதே மாத்திரதான்."

ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் சோப்பு நுரை போலப் பொங்கி நின்றது. அதில் புரதம் வெளியேறுகிறது என்றார்கள். ரத்தத்திலோ கிரியேட்டினின் என்ற கழிவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பிறகு ஸ்கேன். அறையை இருட்டாக்கினார்கள். திரையில் சாம்பல் மூட்டம் அசைந்தது. முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், ஏதோ சின்னதாகக் குறுகிக் கிடந்தது.

குமரகுரு என் கையைப் பற்றினான். "ரெண்டு பேருண்ணே!"

"அது உங்க கிட்னிங்க" என்றார் டாக்டர். "ரெண்டுமே சுருங்கிப்போச்சு. இது நேத்து இன்னிக்கு வந்ததில்ல. பிரஷரும் மாத்திரையும் சேர்ந்து வருஷக்கணக்கா அரிச்சிருக்கு. பாதி போற வரைக்கும் வலிக்காது, சத்தமும் போடாது."

"எனக்குத் தெரியாமலேயா? என் உள்ளாறயேவா?"

எனக்கு ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை.

"திரும்பி வராதாம்மா?" என்றான் குமரகுரு.

"அது வராது. ரத்தத்தை மிஷின்ல சுத்தம் பண்ணிக்கிட்டா நீங்க உயிரோட இருக்கலாம். இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

"அமாவாசை முடிஞ்சி..." என்று இழுத்தான்.

"அது வரைக்கும் தாங்காதுங்க."

மஹாலட்சுமி அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "எந்தப் பக்கம்மா போணும்?" என்று டாக்டரைக் கேட்டாள்.

நடைக்கோடியில் கண்ணாடிக் கதவு. உள்ளே வரிசையாகக் கட்டில்கள். படுத்திருந்தவர்களின் ரத்தம் குழாய்களில் வெளியே ஊர்ந்து, சுற்றி வந்து, மறுபடி உடம்புக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எல்லோரும் விழித்திருந்தார்கள். ஒரு கட்டில் மட்டும் காலியாக இருந்தது. அதில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

குமரகுரு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.