பின்னாடி யாராவது இருக்கீங்களா?

கிளீட் பார்ஃபீல்டு எனக்குத் தர வேண்டியது நானூற்று முப்பத்தேழு டாலர் ஐம்பது சென்ட். அவன் படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டி, பெயிண்ட் அடித்துக் கொடுத்ததற்கான கூலி. மார்ச்சில் செய்த வேலை. இப்போது ஜூலை நாலு, சுதந்திர தின லீவு. நான் குடியிருக்கும், சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டுக்குத் திங்கட்கிழமை இடவாடகை கட்டாவிட்டால், வண்டியோடு இழுத்து ரோட்டில் விட்டுவிடுவதாக இடத்துக்காரி சொல்லியிருந்தாள்.

லீவு என்றால் பென்சகோலாப் பக்கம் பாதி ஊர் கடலுக்குள் முங்கிய மணல்திட்டில்தான் கிடக்கும். இடுப்பளவுத் தண்ணீர், சுற்றிலும் படகுகள், நடுவில் ஜனம். நான் என் சின்னப் படகில் ஐஸ் விற்றுக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படகில் லர்லீன் அவித்த வேர்க்கடலை விற்றாள். எனக்கு எதிலும் மனசு நிற்கவில்லை. மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்து இரண்டு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஏ ஹாய்ட், உன் கடன்கார மாப்பிள்ளை வர்றாரு பாரு" என்றாள் லர்லீன்.

கிளீட்தான். ஊர்ந்து வர வேண்டிய இடத்தில் அலை கிளப்பிக்கொண்டு வந்தான். ஒரு குடும்பத்தின் வறுத்த கோழி தட்டோடு தண்ணீருக்குள் போயிற்று.

"யோவ், இது என்ன உங்கப்பன் வீட்டு ரோடா?" என்று நாலு பக்கமும் சத்தம். அவன் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு, மற்றப் படகுகளை ஒட்டி நங்கூரத்தைப் போட்டு, பாட்டை அலறவிட்டான்.

"போய்க் கேளேன்யா. கடலையாட்டம் வேர்வையில ஊறிக்கிட்டு நிக்கிற" என்றாள் லர்லீன்.

இறங்கி நடந்தேன். நீர் வற்றும் நேரம், இழுப்பு பலமாக இருந்தது. பாதி வழியில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். காற்று மெத்தையில் மல்லாந்து, காதில் பஞ்சை அடைத்து, முகத்தில் தொப்பியைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இழுப்பு அவளைக் கொண்டுபோய்க் கிளீட்டின் படகுக்குப் பின்னால், இன்ஜினை ஒட்டிச் செருகியிருந்தது. கால் இரண்டும் தண்ணீருக்குள்.

ஓட ஆரம்பித்தேன். இடுப்புத் தண்ணீரில் ஓடுவதெல்லாம் ஒரு ஓட்டமா? கையை வீசினேன். கிளீட் பார்த்துவிட்டான். பணத்துக்குத்தான் ஆள் வெறிபிடித்து வருகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். அவசரமாக நங்கூரத்தை இழுத்துப் படகுக்குள் போட்டான். முன்னால் படகுகள் நெருக்கம். பின்னுக்கு எடுத்தால்தான் வெளியே போக முடியும்.

சாவியைத் திருப்புமுன், "பின்னாடி யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுப்பது திட்டில் வழக்கம். குடித்தவன்கூடக் கேட்பான். கிளீட் கேட்கவில்லை. இன்ஜின் உறுமியது.

"பின்னாடி! பின்னாடி பாரு!"

"செவ்வாய்க்கிழமை தர்றேன்யா!" என்று பாட்டுக்கு மேலே கத்தினான்.

"ஆளு இருக்கு கிளீட்!"

"செவ்வாய்னா செவ்வாய்தான்! ஜனங்க முன்னாடி மானத்தை வாங்காத!"

கை கியருக்குப் போயிற்று. கியர் விழுந்தால் அவள் காலடியில் இன்ஜின் விசிறி சுற்றும். பணத்தைத் தவிர வேறெதுவும் அவன் காதில் ஏறாது என்று தெரிந்துபோயிற்று. நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்தேன்.

"பணம் வேண்டாம்! நீ எனக்குத் தரவே வேண்டாம்!"

கியரில் அவன் கை அப்படியே நின்றது. பாட்டை அணைத்தான். அதுவும் போதாமல் இன்ஜினையும் அணைத்தான்.

"என்ன சொன்ன?"

நேரே போய் மெத்தையைப் பிடித்து இழுத்தேன். அவள் திடுக்கிட்டு விழித்து, "யார்யா நீ? கையை எடு!" என்று என் தோளில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

கிளீட் எட்டிப் பார்த்தான். அவள் கால்களைப் பார்த்தான், இன்ஜினைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. உதட்டை இரண்டு தடவை நக்கிக்கொண்டான். பிறகு மெல்ல, "அப்போ… அந்தப் பணம் நெசமாவே வேண்டாமா?" என்றான்.

அத்தனை படகும் கேட்டுக்கொண்டிருந்தது. லர்லீன் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு இடத்துக்காரியின் முகம் வந்து போயிற்று.

"வேண்டாம்னு சொல்லியாச்சு. போய்த் தொலை" என்றேன். "இரு, இரு, இன்ஜினைப் போட்டுடாத. நான் மொதல்ல பின்னாடி பாத்துக்கறேன்."