இருமலை எடுத்துடு

1

இந்தக் கதை பிறந்தது மாலை வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடத்தால்: "நீங்கள் காத்திருக்கும் ஓர் இடத்தை எழுதுங்கள்." நான் காத்திருப்பது ஆஸ்பத்திரியில், எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே, சித்தப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில். ஆகவே கற்பனைக்கு வேலை குறைவு. களைப்புக்குத்தான் அதிகம்.

முதல் வரி: "சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்."

எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார்.

"இருமலை எடுத்துடு."

"கதைதானே சித்தப்பா?"

"கதைல இருமினா மட்டும் அந்த நர்ஸம்மா சும்மா விடுவாங்களா?"

2

இரண்டாவது தொடக்கம், இருமல் இல்லாமல்: "சித்தப்பா மேலே சுற்றும் மின்விசிறியையே…" (வேண்டாம். மின்விசிறிக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சித்தப்பாவின் கல்லீரல் இறுகிப்போய், அதற்குள் போகும் பெரிய ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறிவிட்டது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் அழுத்தம் வேறு, இது வேறு. வழி கிடைக்காத ரத்தம் உணவுக்குழாயில் உள்ள நாளங்களைப் புடைக்க வைத்திருக்கிறது. அவை வெடித்தால் வாயால் ரத்தம் வரும். ஒருமுறை வந்தது. சமையலறையில் அந்த இடத்தைச் சித்தி இன்னும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

மறுபடி வருவதற்குள், கேமரா குழாய் விட்டு அவற்றுக்கு ரப்பர் வளையம் போட வேண்டும். போன தடவை நெஞ்சில் சளி என்று தள்ளிப்போட்டார்கள். மயக்க மருந்து கொடுக்க நெஞ்சு சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

(அடிக்குறிப்பு: "வெறும் வயித்தோட வந்தேன், வெறும் கையோட போறேன்." அன்று சித்தப்பா சொன்னது. எனக்கு எழுத வராத வரி.)

3

இந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். நேற்று அவருக்கு அனலாய்க் காய்ச்சல். இன்று நெற்றி ஜில்லென்று இருக்கிறது.

"என்ன போட்டீங்க?"

"மூட்டுவலி மாத்திரை. காய்ச்சலும் ஓடிப்போச்சு பாரு!"

"அதத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே, ரத்தம் வரும்னு!"

"இன்னிக்கு வளையம் போட்டுட்டா அப்புறம் எங்கேர்ந்து வரும்? சொல்லமாட்டேன்னு சித்தி மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். விடிந்ததிலிருந்து இதற்குத்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். எனக்கும் தெம்பில்லை.

4

முடிவுகள்.

ஒன்று: வெப்பமானி நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறது. சித்தப்பா உள்ளே போகிறார். மயக்கத்தில் இருமல் வந்து, சளி மூச்சுக்குழாயை… (இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

இன்னொன்று: உண்மை தெரிகிறது. எக்ஸ்ரே, சளிக்கு ஊசி, வேறு தேதி. அந்தத் தேதிவரை புடைத்த நாளங்கள் பொறுத்திருக்குமா? அவற்றிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

கதைகளில் வரும் நர்ஸ் என்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். இந்த நர்ஸம்மா காலையிலிருந்து உட்காரவே இல்லை. அவர் தலையில் அதையும் கட்ட எனக்கு மனமில்லை.

5

முதல் வரியை அடித்துவிட்டேன். அடித்த பிறகும் தெரிகிறது.

நர்ஸம்மா வந்துவிட்டார்.

"காய்ச்சல், இருமல் ஏதாவது?"

"ஒண்ணுமில்லம்மா. கல்லு மாதிரி இருக்கேன்."

"உங்க ஈரலும் அப்படித்தாங்கய்யா இருக்கு." வெப்பமானியைப் பார்க்கிறார். என் பக்கம் திரும்புகிறார். "கூட இருக்கறவங்க நீங்க சொல்லுங்க."

சித்தப்பா உதடுகளை இறுக்கிக்கொண்டிருக்கிறார். தோள் குலுங்குகிறது.

நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன். நீங்கள் பண்ணவில்லை. முதல் பகுதியில் அவர் இருமியது உங்களுக்கும் கேட்டது.