ஜோர்ஜெத்தின் நீலப்பூத் தட்டு

ஜோர்ஜெத் வருகிறாள் என்று தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், அவளுடைய நீலப்பூத் தட்டை அடுக்களையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்ததுதான். பக்கத்து வீட்டை விற்க வருகிறாள். தரகரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலையே, இப்போது குடியிருக்கும் எர்பிலுக்குத் திரும்பிவிடுவாளாம்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதில் ஒரு சின்ன ஜன்னல். முப்பது வருஷம் அதன் வழியாகத் தட்டுகள் போய் வந்தன. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது, மோசூலில் அப்படித்தான். ஈஸ்டருக்குப் பேரீச்சம்பழ ரொட்டி வரும், பெருநாளைக்கு என்னுடைய குப்பா, கறி அடைத்த கோதுமை வடை, போகும். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அவளுடைய தட்டு என்னிடம் இருந்த வாரம்தான் ஊரைப் பிடித்த கறுப்புக்கொடிக்காரர்கள் அவள் கதவில் கிறிஸ்தவர் வீடு என்று அடையாளம் எழுதினார்கள். மறுநாளே அவள் குடும்பத்தோடு ஓடினாள். நிரப்பிக் கொடுக்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து அந்தக் கொடிக்காரர்கள் தோற்றார்கள். அந்தச் சண்டையில் ஜன்னல் சுவர் விழுந்தது. தட்டு மட்டும் கீறல்கூட இல்லாமல் தப்பியது.

ஜோர்ஜெத் தன் கதவின் முன் நின்றாள். பழைய அடையாளத்தின் மேலேயே கண்ணிவெடி அகற்றியவர்கள் சிவப்பில் 'ஆபத்து இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.

"பாத்தியாடி நஜ்லா, இப்பத்தான் எழுதியிருக்கானுங்க," என்று சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

என் வீட்டில் சாப்பிடும்போது குப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"உள்ள கறி இருக்கா, இல்ல வாசனை மட்டுமா? இன்னும் அதே கஞ்சப்பிசினாறிதான் நீ."

"கஞ்சத்துக்குப் பேர்போன அசல் மோசூல்காரிடி நான். எர்பிலுக்குப் போய் உனக்குத்தான் கை தாராளமாயிடுச்சு."

முன்பு போலவே, என்னைக் கேட்காமல் அடுக்களைக்குப் போய்த் தேநீர் போட்டு வந்தாள். மெதுவாகக் கேட்டாள்:

"என் தட்டு எங்கடி?"

"உடைஞ்சுபோச்சு. குண்டு விழுந்தப்ப."

அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. மிச்சமிருந்த குப்பாவை என் தட்டில் வைத்து நீட்டினேன்.

"இது உன்னோடதாச்சே. திருப்பிக் கொண்டாரணுமே."

"கொண்டா. வெறுந்தட்டா வராதே."

வாங்கிக்கொண்டாள். தெருமுனையில் தரகர் காத்திருந்தார். அவரிடம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பார்த்தேன், அவளுடைய கறுப்புச் சட்டையின் வலது கையில் முழங்கைவரை மாவு.