இரண்டு விரல் மோதிரம்

அந்த ஊர் வழக்கப்படி, கல்யாணத்தில் பெண்ணின் தாய் மாப்பிள்ளையின் தாய்க்கு வெள்ளி மோதிரம் போட வேண்டும். ஒரே முகப்பு, அடியில் இரண்டு வளையம், இரண்டு விரலுக்கு. ஷிம்கெண்ட் நகரக் கடைகளில் அது கிடைக்கும்தான். ஆனால் பெண்ணின் தாய் உல்போசின், "எங்க வீட்டுல கடைச் சரக்கு போடுற வழக்கமில்ல" என்று நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார். அறுபது வயதில் வெள்ளிப் பட்டறைக்குப் போய் மோதிரம் செய்யக் கற்றுக்கொண்டார். முதல் மோதிரம் நெருப்பில் உருகிக் கட்டியாகிவிட்டது.

"சம்பந்தியோட விரல் அளவு கேட்டீங்களா, பெரியம்மா?" என்றாள் அங்கே கற்றுக்கொடுத்த ஜானில் என்ற பெண்.

"நான் போய்க் கேக்கிறதா? மானம் போயிடும். என் விரலுக்கே அளவெடு. கௌரவமான விரல்."

கல்யாணத்தன்று மோதிரம் சம்பந்தி கம்காவின் தடித்த விரல்கள் எதிலும் நுழையவில்லை. சுண்டுவிரலில் மட்டும் ஒரு வளையம் ஏறி இறுகிக்கொண்டது. மற்றது வெறுமனே தொங்கியது. மாப்பிள்ளை வீட்டார் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உல்போசினின் முதுகு இன்னும் விறைத்தது.

"பாத்துட்டே நிக்கிறீங்களே, சம்பந்தி! உங்க விரல இந்தக் காலி வளையத்துல விடுங்க" என்று கம்கா அவர் கையை இழுத்து மாட்டிவிட்டார். கச்சிதமாகப் பொருந்தியது.

உல்போசின் நினைத்தால் உருவிக்கொண்டிருக்கலாம். உருவவில்லை. கறித் தட்டு வந்தபோதும் இரண்டு பேரும் ஒட்டியே உட்கார்ந்திருந்தார்கள். கம்கா மறுகையால் ஒரு பிடி அள்ளி அவர் வாயில் ஊட்டினார்.

மென்று விழுங்கிவிட்டு, உல்போசின் மெல்லக் கேட்டார். "வேற ஒண்ணு செய்யணும். கொஞ்சம் கைய நீட்டுங்க, அளவெடுக்கிறேன்."

"கை உங்ககிட்டதானே இருக்கு!" என்றார் கம்கா.