அம்மாவின் கை எட்டிய வரை

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பு; தீவு முழுக்கச் சுண்ணாம்பு வாசனைதான். லெமோனியா வாளியும் மட்டையுமாகப் பழைய வீட்டு முற்றத்துக்கு வந்தாள். அம்மா போனபிறகு அந்தச் சுவருக்கு யாருமே வெள்ளையடிக்கவில்லை. தம்பி ஸ்டமாட்டிஸ் தன் புதுப் படத்தை அதில் சாய்த்து வைத்திருந்தான்.

"என்னடா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"முடிஞ்சிருச்சா! வெள்ளைத் துணியில ஒரு கோணக் கோடு. இத என் வீட்டுப் பூனை வாலாலயே போட்டிருக்கும்."

அவள் கேட்டது அம்மாவின் படம். முதலில் அவன் வரைந்ததில் கறுப்பு முக்காடு, நாற்காலி, பூனை, பின்னால் நீலக்கடல் எல்லாம் இருந்தன. துறைமுகக் கடைகளில் சுற்றுலாக்காரர்களுக்கு அவன் விற்று வந்த படங்களைப் போலவே இருந்தது. பார்க்கப் பார்க்க, அம்மாவைத் தவிர எல்லாம் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. அடுத்த படத்தில் பூனையையும் கடலையும் எடுத்தான். பிறகு நாற்காலி போனது. போன வருடம் முகமும் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு லெமோனியா வெகுநாள் பேசவில்லை.

"ஒவ்வொண்ணா எடுத்து, கடைசியில அம்மாவையே எடுத்துட்டியேடா. அவ முகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது. அதுக்குத்தானே படம் கேட்டேன்?"

அவன் படத்தைப் பார்த்தான். அக்காவுக்கே அம்மா தெரியவில்லை என்றால், இத்தனை வருடம் எடுத்துப் போட்டதெல்லாம் எதற்கு?

"சரி, தள்ளு." படத்தை நகர்த்திவிட்டு அவள் மட்டையைத் தோய்த்து ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

சுவரின் கீழ்ப்பாதி வெள்ளை. மேலே பழுப்பு. நடுவே ஏறி இறங்கும் ஒரு கோடு. அம்மாவுக்கு ஏணியைக் கண்டாலே தலை சுற்றும். மட்டையை வேறு யாரிடமும் தரவும் மாட்டாள். கால்விரலில் எக்கி, கை எட்டிய வரை அடிப்பாள். பிள்ளைகளின் பள்ளிக்கூட ஷூவெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். வயதாக ஆகக் கோடு இறங்கிக்கொண்டே வந்தது.

லெமோனியா சுவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். இரண்டிலும் அதே கோடு. படத்திலிருந்த கோட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

"இங்க ஏறுது... வாசப்படி மேல நின்னு அடிச்சிருக்கா."

"ம்."

"இங்க இறங்குது. தண்ணித்தொட்டி இடுப்புல இடிக்கும், திட்டிக்கிட்டே அடிப்பா." சட்டென்று சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. "நம்ம அம்மா எவ்வளவு குள்ளம்டா!"

பிறகு வெள்ளையடிக்க ஆரம்பித்தாள். அம்மாவைவிட ஒரு தலை உயரம் அவள். முழங்கையை மடக்கி மடக்கி, அந்தக் கோடு வரைக்கும்தான் அடித்தாள்.

"மேல அடிக்கலையா?"

"வேண்டாம், இருக்கட்டும்."

கை கழுவிவிட்டுப் படத்தைத் தூக்கி இடுக்கிக்கொண்டாள்.

"எங்கக்கா மாட்டப் போற? சோபாவுக்கு மேலயா?"

"அவ்வளவு உயரத்துலயா? கீழதான்டா மாட்டணும். அவளுக்கு எட்ட வேண்டாமா?"