மிர்வா மொழிபெயர்த்த சனிக்கிழமை

மிர்வா புத்தோனெனுக்கு ராலி கார்ப் பந்தயம் பிடிக்காது. ஒளிபரப்பு லாரிக்குள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உலகம் பூரா நடக்கும் ராலிகளுக்கு வருடக்கணக்காகச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். "கார் போற சத்தம் எனக்கு நல்லாத் தெரியும் வெசா. எதுக்குப் போகுதுன்னுதான் புரியல" என்பாள். ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு கேமரா, இரண்டு ஹெல்மெட்டுகளுக்குள்ளும் மைக். அத்தனை சத்தமும் அவள் பலகைக்குத்தான் வரும். இயக்குநர் கேட்கும் காரின் சத்தத்தை ஏற்றுவாள், மற்றதை இறக்குவாள். திரையின் ஓரத்தில் ஓடும் நேரங்களைப் போடுவது என் வேலை.

நாங்கள் இரண்டு பேரும் பின்லாந்தில் யுவாஸ்குலா பக்கத்துக்காரர்கள். லாரியில் மற்ற எல்லோரும் வெளிநாடு. இயக்குநர் கிளைவ் இங்கிலாந்துக்காரர். பின்னிஷ் மொழியில் அவருக்குத் தெரிந்தது 'நன்றி' ஒன்றுதான். அதையும் யார் காலையாவது மிதித்த பிறகு சொல்வார்.

அந்த ஆகஸ்டில் ராலி எங்கள் ஊருக்கு வந்தபோது, வெள்ளிக்கிழமை ஓட்டம் முடிய தாட்டு லீமதைனென் முதலிடத்தில் இருந்தான். எங்கள் ஊர்ப் பையன். பக்கத்து இருக்கையில் குறிப்புகளோடு உட்கார்ந்து அவனுக்கு வழி படித்துச் சொல்கிறவன் கிம்மோ ராட்டிகைனென், தாட்டுவின் அக்கா ஹென்னாவைக் கட்டியவன். எந்த வளைவு எவ்வளவு கூர்மை, எங்கே மேடு, எங்கே கார் காற்றில் பறக்கும் என்று கிம்மோ காருக்குள் மூச்சுவிடாமல் பேசுவான். காரை விட்டு இறங்கினால் ஊமை. தொலைக்காட்சிக்கு அவன் தந்ததிலேயே நீளமான பதில், "கேள்வி புரிஞ்சுது."

சனிக்கிழமை காலை, தாட்டுவுக்கு முன்னால் போன ஒரு கார் காட்டுக்குள் கவிழ்ந்து பாதையை அடைத்துக்கொண்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. காரின்மேல் ஏறி உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டி நடத்துகிறவர்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த கார்கள் வரிசையாக நின்றன. கிளைவிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. ஹெலிகாப்டர் பைன் மரங்களைக் காட்டியது. மறுபடியும் பைன் மரங்களைக் காட்டியது.

"எவ்வளவு நேரம்யா மரத்தையே காட்டறது? லீமதைனென் காருக்குப் போ" என்றார் கிளைவ்.

போனோம். மிர்வா சத்தத்தை ஏற்றினாள். காருக்குள் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதுவும் கிம்மோ பேசிக்கொண்டிருந்தான்.

கிளைவ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மிர்வா! உங்க ஆளுங்க பேசறாங்க! என்னன்னு வர்ணனையாளருக்குச் சொல்லு. உன் குரல் நேரா ஒளிபரப்புல போகுது. சொல்லு, சொல்லு."

அவள் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. உலகம் பூரா எத்தனையோ நாடுகள் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தன.

காருக்குள் தாட்டு கேட்டான்: "அக்கா ஏன் வரல? வருஷா வருஷம் இந்தத் திருப்பத்துல வந்து நிப்பாளே."

கிம்மோ மடியிலிருந்த குறிப்புகளை மூடினான். "உன்கிட்ட சொல்லல. நான் வீட்ட விட்டு வந்துட்டேன். ஏரிக்கரைக் குடிசைலதான் இருக்கேன்."

"குடிசைலயா? அங்க கரண்டே கிடையாதே."

"கிடையாது."

"போன் எங்க சார்ஜ் போடற?"

"இதோ, இந்தக் கார்லதான்."

மிர்வா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நேரங்களைப் பார்த்தேன். அவை ஓடாமல் நின்றிருந்தன.

"என்ன சொல்றாங்க?" என்றார் கிளைவ்.

"கரண்ட் இல்லை என்கிறார்" என்றாள் மிர்வா.

வர்ணனையாளர் துள்ளிக் குதித்தார். லீமதைனென் காரில் மின் கோளாறு, பேட்டரியாக இருக்கலாம் என்று ஆரம்பித்தார்.

கிம்மோ தொடர்ந்தான். "தேஞ்சு போச்சு தாட்டு. முன்ன இருந்த பிடிப்பு இப்ப இல்ல. அவளும் இழுத்துப் பிடிச்சுப் பாத்தா. நானும் பாத்தேன்."

"தேய்ந்துவிட்டது என்கிறார்" என்றாள் மிர்வா, மாநகராட்சி அறிவிப்பு வாசிக்கிற குரலில். "முன்பிருந்த பிடிப்பு இல்லை என்கிறார்."

"டயர்!" என்றார் வர்ணனையாளர். "மென்மையான டயர் தாங்கவில்லை! பேசியது டயரைப் பற்றி!"

அவள் டயர் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான், எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன்.

"தப்பு யார் மேல?" என்றான் தாட்டு.

"என் மேலதான். இங்க உனக்கு நாள் பூரா கத்தறேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சா வாயே தொறக்க மாட்டேங்குது. இங்க அடுத்த திருப்பம் என்னன்னு எழுதி மடியில இருக்கு. அங்க அவ மூஞ்சியப் பாத்தா, அடுத்து என்ன வரும்னே தெரியல."

"அடுத்து என்ன வரும் என்று தெரியவில்லை என்கிறார்."

"வானிலை!" என்றார் வர்ணனையாளர். "பிற்பகல் மழை வருமா வராதா என்று குழம்புகிறார்கள்!"

"இப்ப என்ன பண்ணப் போற?"

"என்ன பண்றது. மனச கெட்டியாக்கிக்க வேண்டியதுதான்."

"கெட்டியாக்க வேண்டும் என்கிறார்" என்றாள் மிர்வா. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் லேசாகத் தடுமாறியது. மதியத்துக்கு மேல் லீமதைனென் கெட்டி டயருக்கு மாறுகிறார் என்று வர்ணனையாளர் உலகத்துக்கு அறிவித்தார்.

கிம்மோ ஹெல்மெட்டுக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்தான். கிளைவ் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "ஏன் துடைக்கறான்?"

"தூசி" என்றாள் மிர்வா. அன்றைக்கு அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.

"அத்தைக்கு மட்டும் இப்ப தெரிய வேணாம்டா" என்றான் கிம்மோ.

"நான் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றான் தாட்டு.

தாட்டுவின் அம்மா அந்த நேரம் லௌகாவில் தன் வீட்டு சோபாவில், டிவிக்கு நேரெதிரே, மடியில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்தார். பின்லாந்தில் பாதிப் பேர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பாதை திறந்தது. கார்கள் ஓடின. மதியம் தாட்டு பழுது பார்க்கும் திடலுக்கு வந்து சேர்ந்தபோது, அவன் அணியின் பொறியாளர் புதுப் பேட்டரியோடும் நான்கு கெட்டி டயரோடும் வாசலில் நின்றார். பிரெஞ்சுக்காரர், முகமெல்லாம் வியர்வை. நடந்ததைப் பிறகு தாட்டுவே எங்களிடம் சொன்னான்.

"டயர் போச்சுன்னா என்கிட்ட சொல்ல வேணாமா? டிவியில பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்று பொறியாளர் கத்தியிருக்கிறார்.

"டயருக்கு என்ன?" என்றான் தாட்டு.

"கிம்மோ சொன்னாரே! காட்டுல நிக்கும்போது! தேஞ்சு போச்சு, பிடிப்பே இல்லன்னு! உலகமே கேட்டுது!"

கிம்மோ அப்போது காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தான். இன்னொரு காலை வெளியே எடுக்க அவனுக்கு ரொம்ப நேரம் ஆனதாம்.

பொறியாளர் குனிந்து டயரின் தடத்தை அளந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து அளந்தார். "தேயவே இல்லையே!"

தாட்டு மச்சானைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "காலையில தேஞ்சிருந்துச்சு. இப்ப சரியாயிடுச்சு. மென்மையானதே போடுங்க" என்றான்.

ஆனால் மற்ற அணிகளும் எங்கள் ஒளிபரப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாம் இடத்தில் இருந்த பெல்ஜியக்காரன் ஜோரிஸின் அணி, லீமதைனெனே மாற்றுகிறான் என்றால் காரணம் இல்லாமலா என்று நான்கையும் கெட்டி டயராகப் போட்டது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு அணிகள் போட்டன. அவர்கள் திடலை விட்டுக் கிளம்பியதும் மழை வந்தது. எங்கள் ஊர் மழை, சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கெட்டி டயர்கள் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கின. ஜோரிஸ் ஒரு பால் பண்ணையின் வேலியைக் கூடவே கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனான். நான் திரையில் நேரங்களைப் போடப் போட, தாட்டுவின் பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையில் நம்ப முடியாத இடைவெளி விழுந்தது.

மாலையில் ஜோரிஸின் அணி புகார் கொடுத்தது. பொய்யான தகவலை வேண்டுமென்றே ஒளிபரப்பி மற்றவர்களை ஏமாற்றியதாகக் குற்றச்சாட்டு. நடுவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தர் எங்கள் நாட்டவர், ரித்வா என்று ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி. மிர்வாவைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த சாட்சி என்ற சாக்கில் நானும் கூடப் போனேன்.

ரித்வா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிம்மோ பேசியதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். பிறகு மிர்வா சொன்னதைக் கேட்டார். மற்ற இரண்டு நடுவர்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அதில் பார்க்க எதுவும் இல்லை.

"நீங்க டயர்னு சொன்னீங்களா?" என்று மிர்வாவைக் கேட்டார்.

"இல்லைங்க."

"ஏதாவது சேத்துச் சொன்னீங்களா?"

"இல்லைங்க. சிலத விட்டுத்தான் சொன்னேன்."

"நேரமில்லாததால."

"ஆமாங்க. நேரமில்லாததால."

ரித்வா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "சொன்ன வரைக்கும் மொழிபெயர்ப்புல பிழை இல்ல" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தன் கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டார். புகார் தள்ளுபடி.

ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. பேசாத விதத்திலேயே எல்லோருக்கும் தெரியும் என்பது தெரிந்தது. திடலில் காபி விற்கிற அம்மா, கிம்மோவின் கையில் கேட்காமலே இரண்டு ஏலக்காய் பன் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் அண்ணன் போன் செய்து, "டயரெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டான். தாட்டுவின் அம்மா மகனுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: 'குடிசைக்குப் போர்வை வேணுமா?'

ஞாயிறு காலை, பாதையோரத்தில் இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே யாரோ ஒரு படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார்கள். அதில் பெரிய நீல எழுத்தில் 'கிம்மோ, பேசு' என்று இருந்தது. கிளைவ் அதைப் பெரிதாகக் காட்டச் சொன்னார். குறிப்புகளை இன்னும் சத்தமாகப் படிக்கச் சொல்லி ரசிகர்கள் உற்சாகப்படுத்துகிறார்கள் என்றார் வர்ணனையாளர்.

தாட்டு ஜெயிக்கவில்லை. கடைசிக்கு முந்தைய ஓட்டத்தில் ஒரு கல் சக்கரத்தைப் பதம் பார்த்துவிட்டது. முந்தின நாள் வேலியை இழுத்துக்கொண்டு போன ஜோரிஸே ஜெயித்தான், தாட்டு இரண்டாவது. முடிவிடத்தில் வழக்கம்போல இரண்டு பேரும் காரின் கூரைமேல் ஏறி நின்றார்கள். கூட்டத்துக்குக் கையசைத்தார்கள். தாட்டு சிரித்தான். கிம்மோ இறங்குவதற்கு இடம் தேடினான்.

அப்போதுதான் தடுப்பு வேலியை ஒரு பெண் தாண்டி வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுநரின் சட்டை, தோளில் பை. காலை ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். ஹென்னா.

காருக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள். கூரையின் ஓரத்தில் எங்கள் மைக் ஒன்று இருந்தது. முதல் வார்த்தைகள் ஒளிபரப்பில் போயே விட்டன.

"டயரப் பத்திப் பேசினியாமே."

"ஆமா" என்றான் கிம்மோ.

"என்கிட்ட ஏன் பேசல?"

மிர்வாவின் கை பலகையில் நகர்ந்தது. அந்த மைக்கின் சத்தம் அடியோடு இறங்கியது.

"யாரது? என்ன சொல்றா?" என்றார் கிளைவ்.

"தெரியல. மைக் போயிடுச்சு."

"இப்பதானே நல்லா வந்துச்சு!"

"இப்பதான் போச்சு."

கிளைவ் மைக்கைச் சரிபார்க்க ஓர் ஆளை ஓடவிட்டார். அவன் அங்கே போய்ச் சேர்வதற்குள் கிம்மோ கூரையிலிருந்து வழுக்கி இறங்கிக் கீழே நின்றிருந்தான். படம் மட்டும் ஓடியது. முதலில் ஹென்னா பேசினாள், கொஞ்சம்தான். பிறகு கிம்மோவின் வாய் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. அவன் கை, மடியில் குறிப்புகளைத் தேடுகிற மாதிரி, இடுப்புக்கு வந்து வந்து போனது. அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்தும் பேசிக்கொண்டே இருந்தான். தாட்டு கூரைமேல் தனியாக நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டே இருந்தான். கூட்டமும் அவனுக்குக் கையசைத்தது. யாரும் வேலிக்குப் பக்கத்தில் போகவில்லை.

மிர்வா தன் விரல்களைப் பலகையிலிருந்து எடுக்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். "தூசியா?" என்றேன்.

"வேலையப் பாரு" என்றாள்.

அடுத்த வாரம் கிளைவ் சனிக்கிழமைப் பதிவை லண்டனில் பின்னிஷ் தெரிந்த யாரிடமோ கொடுத்து முழுதாக மொழிபெயர்த்து வாங்கினார். மிர்வாவைப் போனில் கூப்பிட்டார். முதலில் வானிலையைப் பற்றிக் கேட்டாராம். பிறகு, "எனக்கும் விவாகரத்து ஆச்சு, தெரியுமா?" என்றாராம். தெரியாது என்றாளாம். அத்தோடு வைத்துவிட்டார். ஆனாலும் அடுத்த ராலியிலிருந்து மொழிபெயர்க்க ஹெல்சின்கியிலிருந்து முறையாகப் படித்த ஒருவரை வைத்தார். நல்ல மனிதர், கழுத்தில் டை கட்டிக்கொண்டு லாரிக்கு வருவார். காருக்குள் காத்திருக்கும்போது எங்கள் ஆட்கள் இப்போது வாயே திறப்பதில்லை. அவர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து மரங்களைப் பார்க்கிறார்.

கிம்மோ உடனே வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. ஏரி உறைகிற வரைக்கும் குடிசையில்தான் இருந்தான். சனிக்கிழமைகளில் ஹென்னா பேருந்து ஷிஃப்ட் முடிந்து அங்கே போவாள். சௌனா என்கிற நீராவிக் குளியல் அறையைச் சூடாக்கிவிட்டு இரண்டு பேரும் படகுத்துறையில் உட்கார்ந்திருப்பதை அக்கரையில் மீன் பிடிக்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கப் போகவில்லை. குரல் மட்டும் தண்ணீர்மேல் வருமாம், பெரும்பாலும் ஆண்குரல். டிசம்பரில் அவர்கள் வீட்டு வாசலில் மறுபடி இரண்டு கார்கள் நின்றன. அவனுடையது ஒன்று, அவளுடையது ஒன்று; விடிகிறபோது இரண்டின் மேலும் ஒரே அளவு பனி.